மரியா வேடம் யாருக்கு?
நேரலை இசைநாடகங்களில் நட்சத்திரங்களும் நேயர்களும்

ஓர் இசைநாடகம் தொலைக்காட்சியில் நேரலையாக ஒளியேறுகிறது. கதாநாயகியாக வருபவர் நாடறிந்த பாடகி. ஆனால் நாடக மேடைக்குப் புதியவர். அதே நாடகத்தில் இரண்டாம் நாயகியாக வருபவரோ, அந்தக் கதாநாயகி வேடத்தையே முன்பு நியூயார்க்கின் பிராட்வே மேடையில் ஏற்று நடித்தவர். இருவரும் ஒரே காட்சியில் நிற்கிறார்கள். மில்லியன் கணக்கானோர் பார்க்கிறார்கள். பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்?

இது கற்பனையன்று. 2013 டிசம்பர் 5ஆம் தேதி அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ நாடகத்தை நேரலையாக ஒளிபரப்பியது. மரியாவாக நடித்தவர் கிராமிய இசைப் பாடகி கேரி அண்டர்வுட். கேப்டன் வான் டிராப்பை மணக்கவிருந்து பின்னர் விலகிச் செல்லும் எல்சாவாக நடித்தவர் லாரா பெனாண்டி. 1998இல் பிராட்வேயில் அந்நாடகம் மீண்டும் அரங்கேறியபோது, மரியா வேடத்திற்கு மாற்று நடிகையாகச் சேர்ந்து, பின்னர் அந்த வேடத்தையே முழுமையாக ஏற்றுக்கொண்டவர் அவர். அன்றிரவு எழுந்த கண்டனங்களும் கேலிகளும் பாராட்டுகளும் அடுத்து வந்த பல ஆண்டுகளுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியின் போக்கையே மாற்றின.

நான் இலக்கியம் படித்தவன் அல்லன், பொறியியல் மாணவன். ஆயினும் நமது பேரவையின் மேடை நாடகங்களுக்கு மூன்றாண்டுகள் ஒலி அமைப்பைக் கவனித்திருக்கிறேன். ஒரு குரல் ஒலிவாங்கி வழியாக அரங்கின் கடைசி வரிசைக்குச் சென்று சேர்வதற்குள் எத்தனை தடைகளைத் தாண்ட வேண்டும் என்பதை ஓரளவு அறிவேன். நட்சத்திரங்களை நேரலை இசைநாடகங்களில் நடிக்க வைப்பது ஏன், பார்வையாளர்கள் அதை எப்படி ஏற்கிறார்கள் அல்லது மறுக்கிறார்கள், அதில் நமக்கு என்ன இருக்கிறது என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பழைய வழக்கமும் புதிய வழக்கமும்

இசைநாடகத்தை நேரலையாக ஒளிபரப்புவது புதிதன்று. 1955 மார்ச் 7ஆம் தேதி மேரி மார்ட்டின் நடித்த ‘பீட்டர் பேன்’ என்பிசியில் நேரலையாக வந்தது. சுமார் 65 மில்லியன் பேர் அதைப் பார்த்ததாகக் கணக்கிட்டார்கள். 1957 மார்ச் 31ஆம் தேதி சிபிஎஸ் ஒளிபரப்பிய ‘சிண்ட்ரெல்லா’வை நூறு மில்லியனுக்கும் அதிகமானோர் பார்த்ததாக மதிப்பிடப்பட்டது. அதில் நடித்தவர் ஜூலி ஆண்ட்ரூஸ். அப்போது அவர் திரைப்பட நட்சத்திரம் அல்லர். பிராட்வேயில் ‘மை ஃபேர் லேடி’யில் நடித்துப் பெயர் பெற்றிருந்த இளம் மேடைக் கலைஞர்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 1955இல் ‘பீட்டர் பேன்’ தொலைக்காட்சிக்கு வந்தபோது, அந்தக் குழு அதே நாடகத்தைப் பிராட்வேயில் நூறு முறைக்கு மேல் நடித்து முடித்திருந்தது. வசனம் நாவில் ஊறியிருந்தது. எந்த இடத்தில் மூச்சு வாங்கும், எந்த இடத்தில் சிரிப்பு எழும் என்பதெல்லாம் பழகிப்போயிருந்தது. தொலைக்காட்சி செய்த வேலை, நன்கு பழுத்த நாடகத்தைப் பறித்து வீட்டுக் கூடத்தில் வைத்தது மட்டுமே.

2013இல் நடந்தது வேறு. நாடகத்தின் தயாரிப்பு தொலைக்காட்சிக்காகவே தொடங்கியது. ஒரே இரவில் முடிந்தது. நடிகர்களுக்கு ஒத்திகை உண்டு; ஆனால் முதல் காட்சிதான் கடைசிக் காட்சியும். இந்த ஒற்றை இரவுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் நட்சத்திரங்களின் பெயர் முன்னுக்கு வருகிறது.

தொலைக்காட்சியின் கணக்கு

தொலைக்காட்சி நிலையங்கள் ஏன் நட்சத்திரங்களை நாடுகின்றன? பதிவு செய்து, விருப்பப்பட்ட நேரத்தில், விளம்பரங்களை ஓட்டிவிட்டுப் பார்க்கும் பழக்கம் பெருகிவிட்ட காலம் இது. விளம்பரதாரர்களுக்கு வேண்டியதோ, எல்லாரும் ஒரே நேரத்தில் அமர்ந்து பார்க்கும் நிகழ்ச்சி. காற்பந்தாட்டம் அப்படிப்பட்டது, விருது விழாக்கள் அப்படிப்பட்டவை. இசைநாடகத்தையும் அந்த வரிசையில் சேர்க்க முடியுமா என்று பார்த்ததுதான் என்பிசியின் முயற்சி.

எல்லாரையும் அந்த நேரத்தில் உட்கார வைக்க வேண்டுமானால், எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெயர் வேண்டும். கேரி அண்டர்வுட் 2005இல் ‘அமெரிக்கன் ஐடல்’ பாட்டுப் போட்டியில் நேயர்களின் வாக்குகளால் வென்றவர். பிராட்வே நுழைவுச்சீட்டு வாங்குவதைப் பற்றி நினைத்தே பார்த்திராத ஊர்களிலெல்லாம் அவருக்கு இரசிகர்கள் உண்டு. கணக்கு தவறவில்லை. அன்றிரவு ஏறத்தாழ 18.6 மில்லியன் பேர் நிகழ்ச்சியைப் பார்த்தார்கள்.

இந்த எண்ணின் அளவை உணர ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,500 இருக்கைகள் கொண்ட அரங்கில் வாரம் 8 காட்சிகள், ஒவ்வொன்றும் நிறைந்த அவையுடன் நடப்பதாக வைத்துக்கொள்வோம். 18.6 மில்லியன் பேர் பார்த்து முடிக்க ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகும். முப்பது ஆண்டுகளில் ஒரு மேடை நடிகைக்கு 12,000க்கும் மேற்பட்ட காட்சிகள் கிடைக்கும். நேற்றைய பிழையை இன்று திருத்தலாம். இன்றைய சோர்வை நாளை ஈடுகட்டலாம். அண்டர்வுட்டுக்கு அத்தனை பேர் முன்னிலையில் கிடைத்தது ஒரே ஒரு காட்சி.

அன்றிரவு எழுந்த நான்கு குரல்கள்

நேயர்களின் எதிர்வினையை ஒரே சொல்லில் ‘கண்டனம்’ என்று முடித்துவிடுவோர் உண்டு. உற்றுப் பார்த்தால் அதில் நான்கு வகைக் குரல்கள் தனித்தனியே கேட்கின்றன.

முதலாவது, நினைவின் குரல். 1965இல் வெளிவந்த திரைப்படத்தை ஆண்டுதோறும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மரியா என்றால் ஜூலி ஆண்ட்ரூஸ்தான். வேறு எவர் வந்து நின்றாலும் அவர்கள் ஏமாற்றம் அடைந்திருப்பார்கள். இந்தக் குரலில் பாசம் இருக்கிறது. ஆனால் நியாயம் குறைவு. திரைப்படப் பாடல்கள் முன்கூட்டியே ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்யப்பட்டவை. அதுமட்டுமன்று, கேப்டனாக நடித்த கிறிஸ்டோபர் பிளம்மரின் பாடல்களைப் பாடியவர் பில் லீ என்ற பாடகர். மடத்துத் தலைவியாக நடித்த பெகி வுட்டுக்கும் குரல் கொடுத்தவர் வேறொருவர். இரவல் குரல்களும் கலந்த பதிவு ஒன்றையும், மூச்சிரைக்க நேரில் பாடும் குரலையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தார்கள் என்பதே உண்மை.

இரண்டாவது, அறியாமையின் குரல். என்பிசி எடுத்துக்கொண்டது திரைப்படத்தை அன்று. 1959இல் பிராட்வேயில் அரங்கேறிய நாடகத்தை. நாடகத்தில் ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ பாடலை மரியா மடத்துத் தலைவியோடு மடத்திலேயே பாடுவார். இடியும் மின்னலுமான இரவில் பிள்ளைகளோடு பாடுவது ஆட்டிடையன் பாட்டு. எல்சாவும் மேக்ஸும் பாடும் இரண்டு பாடல்கள் திரைப்படத்தில் நீக்கப்பட்டவை. எல்சா விலகிச் செல்வதற்கும் நாடகத்தில் அரசியல் கருத்து வேற்றுமையே காரணம். திரைப்படம் மட்டுமே அறிந்த நேயர்கள் பலர் இவற்றையெல்லாம் குளறுபடி என்று எண்ணிக் கேலி செய்தார்கள். 2015இல் ‘தி விஸ்’ ஒளியேறியபோதும் இதே கதைதான். 1975இல் பிராட்வேக்கு வந்த நாளிலிருந்தே அது கறுப்பினக் கலைஞர்களின் நாடகம். அதை அறியாமல், ஏன் எல்லாரும் கறுப்பினத்தவர் என்று சிலர் சமூக ஊடகங்களில் குறைபட்டுக்கொண்டார்கள்.

மூன்றாவது, கேலிக்காகவே பார்ப்போரின் குரல். ஒரு கையில் கைப்பேசி, மறுகையில் தொலைக்காட்சியின் விசைக்கருவி. எப்போது தடுமாறுவார், எப்போது எழுதலாம் என்று காத்திருந்தவர்கள் இவர்கள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இங்கே ஆடாதவர்களுக்கே கூடம் கோணலாகத் தெரிந்தது. இதிலுள்ள வேடிக்கை என்னவென்றால், நேயர் எண்ணிக்கையைக் கணக்கிடும் கருவி அன்பனையும் பகைவனையும் பிரித்துப் பார்ப்பதில்லை. திட்டிக்கொண்டே பார்த்தவரும் அந்த 18.6 மில்லியனில் ஒருவர்தான்.

நான்காவது குரல்தான் முக்கியமானது. அது நியாயத்தின் குரல். ‘பெனாண்டி அங்கேயே நிற்கிறாரே, அவரை ஏன் மரியாவாக்கவில்லை?’ என்று கேட்டவர்கள் பலர். மேக்ஸாக நடித்த கிறிஸ்டியன் போர்ல், டோனி விருது பெற்றவர். மடத்துத் தலைவியாக வந்த ஆட்ரா மெக்டொனால்ட், அந்த நாளுக்குள் ஐந்து டோனி விருதுகளை வென்றிருந்தவர். முதல் பகுதியின் இறுதியில் அவர் அண்டர்வுட்டை எதிரில் நிறுத்திப் பாடிய பாடலை, நிகழ்ச்சியைக் குறை கூறியவர்களும் பாராட்டினார்கள். பல்லாண்டுகள் பயின்று, தேர்வுக்குத் தேர்வு ஏறி இறங்கி, வாரம் எட்டுக் காட்சிகள் நடித்த ஒருவரை ஓரத்தில் நிறுத்திவிட்டு, பெயருக்காக ஒருவரை நடுவில் நிறுத்துவது சரியா? இந்தக் கேள்விக்கு எளிதில் மறுமொழி சொல்ல முடியாது.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அண்டர்வுட்டின் பெயர் இல்லாமல் அத்தனை மில்லியன் பேர் அன்று தொலைக்காட்சி முன் அமர்ந்திருப்பார்களா? மெக்டொனால்டின் குரலை முதன்முதலாகக் கேட்டவர்கள் அவர்களுள் ஏராளம். நட்சத்திரம் கூட்டத்தை அழைத்து வந்தார். மேடைக் கலைஞர்கள் அந்தக் கூட்டத்தை உட்கார வைத்தார்கள். இருதரப்பும் ஒன்றுக்கொன்று கடன்பட்டவை.

பாட்டுக்குத் தேர்ச்சி, வசனத்துக்குத் தோல்வி

அண்டர்வுட்டின் மீதான விமர்சனத்தில் நான் மதிக்கும் ஒரு நுட்பம் உண்டு. அவருடைய பாட்டைப் பெரும்பாலோர் குறை சொல்லவில்லை. குரல் வலுவானது, சுதி விலகவில்லை என்றே சொன்னார்கள். குறை கண்டது வசனத்தில்தான். பாட்டு முடிந்து பேச்சு தொடங்கியதும் அவர் ஒப்பிப்பதுபோல் இருந்தது என்றார்கள். இளமை முதல் செய்து வந்த வேலையில் அவர் தேறினார். செய்து பழகாத வேலையில் தடுமாறினார். நேயர்கள் இரண்டையும் பிரித்தறிந்தார்கள்.

இதற்கு மேடையமைப்பும் ஒரு காரணம். அந்த நாடகம் நியூயார்க் மாநிலத்தின் லாங் தீவிலுள்ள படப்பிடிப்புக் கூடத்தில், அவையோர் இல்லாமல் நடந்தது. ஒவ்வொரு பாடலும் முடிந்ததும் ஓர் அமைதி. கைத்தட்டல் இல்லை, சிரிப்பு இல்லை. ஒலிமேசைக்குப் பின்னால் அமர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அரங்கில் எழும் சிரிப்பும் இருமலும்கூட நடிகருக்குத் துணை. அடுத்த வசனத்தை எப்போது தொடங்கலாம் என்பதை அவைதான் சொல்லிக் கொடுக்கும். நம் மாணவ நடிகர்கள் ஒத்திகையில் வேகவேகமாக ஓட்டிய வசனத்தை, அவை நிறைந்த இரவில் நிறுத்தி நிதானமாகப் பேசியதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். அனுபவமுள்ள மேடைக் கலைஞர், அவை இல்லாதபோதும் அதன் தாளத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நடிப்பார். புதியவருக்கு அந்தத் துணையும் இல்லை, நினைவும் இல்லை. போதாக்குறைக்கு, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி நடித்தால் அருகிலிருக்கும் கேமராவுக்கு அது மிகையாகத் தெரியும். கேமராவுக்காக அடக்கினால் பாட்டின் வேகத்தோடு ஒட்டாது. விளம்பர இடைவேளைகளோ எழுந்து வரும் உணர்ச்சியை அடிக்கடி அறுத்துவிடும்.

முகமும் குரலும்: நம் காதுகளின் பழக்கம்

தமிழர்களாகிய நாம் இதை எப்படிப் பார்க்கிறோம்? நம் காதுகள் வேறு வகையில் பழகியவை. திரையில் நடிப்பவர் ஒருவர், பாடுபவர் இன்னொருவர் என்பதை நாம் குறையாக எண்ணுவதே இல்லை. பின்னணிப் பாடகரின் பெயர் இசைத்தட்டின் உறையில் அச்சாகும். நடிகரைப் போலவே அவருக்கும் இரசிகர் கூட்டம் உண்டு. ‘இவர் சொந்தக் குரலில் பாடுவாரா?’ என்ற கேள்வி ஒரு திரை நடிகருக்கு எதிராக எழுவதில்லை.

ஆனால் நம் மரபிலும் முன்பு அப்படி இல்லை. எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் மேடையில் தாமே பாடி நடித்தவர்கள். 1944இல் வந்த ‘ஹரிதாஸ்’ வரை தமிழ்த் திரையை ஆண்ட எம்.கே.தியாகராஜ பாகவதரும் பாடத் தெரிந்ததால்தான் நட்சத்திரமானார். அக்காலத்தில் குரல்தான் நட்சத்திரத்தை உருவாக்கியது. பின்னணிப் பாட்டு வேரூன்றிய பிறகு முகம் ஒரு வழியிலும் குரல் ஒரு வழியிலும் பிரிந்தன.

ஹாலிவுட்டுக்கும் இந்த வழி தெரியாததன்று. 1964இல் ‘மை ஃபேர் லேடி’ திரைப்படமானபோது, மேடையில் அந்த வேடத்தை உருவாக்கிய ஜூலி ஆண்ட்ரூஸை விட்டுவிட்டு, புகழின் உச்சியில் இருந்த ஆட்ரி ஹெப்பர்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பாடல்களில் பெரும்பாலானவற்றைப் பாடியவர் மார்னி நிக்சன். அதே ஆண்டில் ‘மேரி பாப்பின்ஸ்’ படத்தில் நடித்த ஆண்ட்ரூஸ், சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார். ஹெப்பர்னின் பெயர் பரிந்துரைப் பட்டியலில்கூட இல்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து எந்த ஆண்ட்ரூஸின் பெயரால் அண்டர்வுட்டைக் குறை சொன்னார்களோ, அதே ஆண்ட்ரூஸ் ஒரு காலத்தில் ‘போதிய புகழில்லாதவர்’ என்று ஒதுக்கப்பட்டவர்.

நேரலை இசைநாடகத்தில் இந்த இரவல் வழி அடைபட்டுவிடுகிறது. முகமும் குரலும் ஒரே உடலில், ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும். அதனால்தான் திரைப்படத்தில் மன்னிக்கப்படும் நட்சத்திரத் தேர்வு நேரலையில் மன்னிக்கப்படுவதில்லை.

நேயர்கள் கற்பித்த பாடம்

அடுத்த ஆண்டு, 2014 டிசம்பர் 4ஆம் தேதி, என்பிசி ‘பீட்டர் பேன்’ நாடகத்தை ஒளிபரப்பியது. தொலைக்காட்சித் தொடரால் அறியப்பட்ட அலிசன் வில்லியம்ஸ் பீட்டராகவும், திரை நடிகர் கிறிஸ்டோபர் வாக்கன் கடற்கொள்ளைத் தலைவன் ஹூக்காகவும் நடித்தார்கள். நேயர் எண்ணிக்கை 9.2 மில்லியனாக, ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வெறும் பெயரும், கேலி செய்யக் காத்திருக்கும் கூட்டமும் இரண்டாம் முறை அதே அளவில் கைகொடுக்கவில்லை.

2015 டிசம்பர் 3ஆம் தேதி வந்த ‘தி விஸ்’ வேறு வழியில் சென்றது. நடுவேடமான டோரத்திக்கு ஷனீஸ் வில்லியம்ஸ் என்ற பெயரறியாத இளம்பெண்ணைப் பொதுத் தேர்வின் மூலம் கண்டுபிடித்தார்கள். குவீன் லத்தீஃபா, மேரி ஜே பிளைஜ், நியோ போன்ற புகழ்பெற்றவர்களை அவரைச் சுற்றி, ஓரிரு பாடல்களே உள்ள வேடங்களில் நிறுத்தினார்கள். 1975இல் டோரத்தியாக நடித்த ஸ்டெபனி மில்ஸ் இதில் அத்தையாக வந்து, புதிய டோரத்திக்குப் பாடினார். நேயர் எண்ணிக்கை 11.5 மில்லியனாக உயர்ந்தது, பாராட்டும் பெருகியது. 2016இல் ‘ஹேர்ஸ்பிரே’யில் மேடி பெய்லியோ, 2021இல் ‘ஆன்னி’யில் செலினா ஸ்மித் என இந்த ஏற்பாடு தொடர்ந்தது. நடுவில் புதிய முகம், சுற்றிலும் தெரிந்த பெயர்கள்.

இந்த ஏற்பாடு ஏன் பலித்தது? நாடகத்தின் பாரம் நடுவேடத்தின் தோளில் இருக்கிறது. மூன்று மணி நேரம் பாடி, ஆடி, பேசித் தாங்க வேண்டியவர் அவர். அங்கே பயிற்சிதான் வேண்டும். ஒரே காட்சியில் வந்து ஒரே பாடலைப் பாடிச் செல்லும் வேடத்திற்குப் புகழ் தரும் பரபரப்பே பாதி வேலையைச் செய்துவிடும். 2018 ஏப்ரல் 1ஆம் தேதி, ஈஸ்டர் திருநாளன்று, வந்த ‘ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ நல்ல எடுத்துக்காட்டு. ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர் ஏரோது மன்னனாக ஒரே பாடலுக்கு வந்து அவையைக் கலக்கிவிட்டுப் போனார். கதையை நகர்த்தும் யூதாஸ் வேடத்தைப் பிராட்வே கலைஞர் பிராண்டன் விக்டர் டிக்சன் தாங்கினார். இயேசுவாக நடித்த ஜான் லெஜண்ட் புகழ்பெற்ற பாடகர். அந்த நாடகமோ பெரும்பாலும் வசனமே இல்லாமல் பாட்டாலேயே நடப்பது. அண்டர்வுட்டைச் சறுக்கவிட்ட இடம் லெஜண்டுக்கு அங்கே இல்லை.

அவையோரும் திரும்ப வந்தார்கள். 2016 ஜனவரி 31ஆம் தேதி ஃபாக்ஸ் ஒளிபரப்பிய ‘கிரீஸ்’ நாடகத்தில் பார்வையாளர்களைக் காட்சிகளுக்குள்ளேயே அமர்த்தினார்கள். 12.2 மில்லியன் பேர் பார்த்த அந்த நிகழ்ச்சியில் ரிஸ்ஸோவாக நடித்த வனெசா ஹட்ஜன்ஸின் தந்தை, முதல்நாள் இரவுதான் காலமாகியிருந்தார். அவர் நடித்தே தீருவேன் என்று மேடையேறினார். பதின்பருவ இரசிகர்களின் நடிகை என்று அவரை எளிதாக எண்ணியிருந்தவர்களும் அன்று தலைவணங்கினார்கள். நேரலை என்பதன் பொருள் அதுதான். அன்று நடப்பவற்றை அன்றே தாங்கிக்கொண்டு நிற்பது.

மாற்று நடிகர் இல்லாத மேடை

நட்சத்திரத் தேர்வால் வரும் பெரிய இழப்பு ஒன்று பலர் கண்ணில் படுவதில்லை. 2019 ஜனவரி 27ஆம் தேதி ‘ரெண்ட்’ நாடகம் ஃபாக்ஸில் ஒளியேறவிருந்தது. முதல்நாள் இறுதி ஒத்திகையில், முக்கிய வேடம் ஏற்ற பிரென்னின் ஹண்டின் கால் முறிந்தது. மாற்று நடிகர் எவரும் இல்லை. அதனால் இறுதிப் பகுதியைத் தவிர மற்ற அனைத்தையும் ஒத்திகைப் பதிவிலிருந்தே ஒளிபரப்பினார்கள். ‘நேரலை’ என்று அறிவிக்கப்பட்டதில் நேரலையாக இருந்தது கடைசிப் பகுதி மட்டுமே. நேயர்கள் ஹண்டுக்காக வருந்தினார்கள். நிலையத்தைக் கேள்வி கேட்டார்கள்.

பிராட்வேயில் இப்படி நடந்தால் என்ன செய்வார்கள்? நிகழ்ச்சிக் குறிப்பில் ஒரு துண்டுத்தாளைச் செருகி, இன்றிரவு இந்த வேடத்தில் இன்னார் நடிக்கிறார் என்று அறிவிப்பார்கள். மாதக்கணக்கில் ஓரத்தில் நின்று ஒவ்வோர் அசைவையும் மனத்தில் ஏற்றிக்கொண்ட ஒருவர் மேடையேறுவார். எத்தனையோ கலைஞர்களின் வாழ்க்கை அந்தத் துண்டுத்தாளில் தொடங்கியிருக்கிறது. நாம் தொடக்கத்தில் பார்த்த லாரா பெனாண்டியும் மாற்று நடிகையாக நுழைந்தவர்தான். தொலைக்காட்சியோ முகத்தை விளம்பரப்படுத்தி விற்கிறது. விற்ற முகத்துக்குப் பதில் இன்னொரு முகத்தைக் காட்ட அதற்கு மனம் வருவதில்லை. மேடையின் மிகப் பழைய பாதுகாப்பு ஏற்பாடு அங்கே இல்லாமற்போகிறது. அதோடு, புதியவர் நுழையும் கதவும் சாத்தப்படுகிறது.

பிரிட்டனில் வேறொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. 2006இல் பிபிசி ஒரு தொலைக்காட்சிப் போட்டி நடத்தி, லண்டன் மேடையில் மரியாவாக நடிக்கப்போவது யார் என்பதை நேயர்களின் வாக்குக்கே விட்டது. வென்றவர் கோனி ஃபிஷர். பயிற்சி பெற்றிருந்தும் வாய்ப்புக் கிடைக்காமல் இருந்தவர். அண்டர்வுட்டும் நேயர் வாக்கால் உயர்ந்தவர், ஃபிஷரும் அப்படியே. வேறுபாடு, எதற்காக வாக்களித்தார்கள் என்பதில் இருக்கிறது. ஒன்று பாட்டுக்கான போட்டி. மற்றொன்று அந்த வேடத்துக்கான போட்டி. வேடத்தைச் சொல்லித் தேர்வு வைத்தால் பொதுமக்களும் பொறுப்போடு தேர்ந்தெடுக்கிறார்கள்.

நம் மேடைக்கு என்ன?

இந்தக் கேள்வி கடல்கடந்த ஊரின் கேள்வி மட்டுமன்று. நான் பேரவையில் இருந்த ஓர் ஆண்டில் அரங்கு வாடகை எங்கள் கையிருப்பை மிஞ்சியது. தொலைக்காட்சியில் பெயர் பெற்ற கலைஞர் ஒருவரை நாயகனாக அழைத்தால் நுழைவுச்சீட்டு விற்றுவிடும் என்று செயலவையில் ஒரு யோசனை எழுந்தது. ‘ஆறு மாதமாக வெள்ளிக்கிழமைதோறும் ஒத்திகைக்கு வருபவனிடம் என்ன சொல்வது?’ என்று இயக்குநராக இருந்த அக்கா கேட்டார். ‘காலி இருக்கைகளுக்கு முன்னால் அவன் நடிப்பது மட்டும் நியாயமா?’ என்று பொருளாளர் திருப்பிக் கேட்டார். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. இரண்டு கூட்டங்கள் நீண்ட விவாதத்துக்குப் பின், அந்தக் கலைஞரைக் கட்டியங்காரராக அழைப்பது என்று முடிவானது. காட்சிக்குக் காட்சி வந்து கதை சொல்லிவிட்டுப் போகும் வேடம். நாயகன் மாணவனாகவே இருந்தான். சுவரொட்டியில் இருவர் படமும் ஒரே அளவில் இடம்பெற்றன. அந்தக் கலைஞரும் மனமுவந்து ஏற்றுக்கொண்டார். இறுதி ஒத்திகையில் எங்கள் நாயகனுக்கு மூச்சை அடக்கிப் பேசும் முறையைச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

ஆகவே நட்சத்திரம் என்றதும் முகம் சுளிப்பதும் தவறு, நட்சத்திரம் இருந்தால் போதும் என்று நிம்மதி அடைவதும் தவறு. நாடகம் பார்க்கும்போதும், நடத்தும்போதும் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இந்த வேடம் என்ன கேட்கிறது: பாட்டா, பேச்சா, நடனமா, மூன்றுமா? வருபவர் அவற்றுள் எதைச் செய்து பழகியவர்? பழகாததைப் பழக அவருக்குப் போதிய ஒத்திகை கிடைத்ததா? அவர் அழைத்து வரும் கூட்டத்தால் மேடையில் நிற்கும் மற்றவர்களுக்கு என்ன கிடைக்கிறது? அவர் வர இயலாத நாளில் அந்த இடத்தில் நிற்க ஒருவரை வளர்த்திருக்கிறோமா?

கடைசிக் கேள்விதான் நம்மைப் போன்ற சிறு சமூகத்துக்கு மிகவும் வேண்டியது. தமிழ் மேடைக்கு வரும் கூட்டம் இங்கே குறைவு. தெரிந்த முகத்தைக் காட்டி அதைப் பெருக்கும் ஆசை இயல்பானது. ஆனால் தெரிந்த முகங்களும் ஒரு நாள் தெரியாத முகங்களாக எங்கோ ஒரு பள்ளி மண்டபத்தில் தொடங்கியவைதாம். அந்தத் தொடக்கத்துக்கு இடம் வைக்காத மேடை, பத்தாண்டுகள் கழித்து அழைப்பதற்கு நட்சத்திரம் இல்லாமல் நிற்கும். அடுத்த முறை பேரவை நாடகத்துக்கு வரும்போது நிகழ்ச்சிக் குறிப்பின் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடாமல், மாற்று நடிகர்கள் என்ற தலைப்பின் கீழ்ச் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் பெயர்களையும் வாசியுங்கள். அப்படியொரு தலைப்பே இல்லையென்றால், ஏன் இல்லை என்று செயலவையினரைக் கேளுங்கள்.